தாயைக் காப்பது பாவமா? கருக்கலைப்புச் சட்டங்களும் கருவுற்ற தாய்மார்க்கான மருத்துவமும்



சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தை அடுத்த ஒரு கிளைக்கிராமத்தில் மாலைத் திருப்பலி முடித்துத் திருவுடை கழற்றிக்கொண்டிருந்தோம். வாசலில் ஓர் இளைஞர் மூச்சு வாங்க நின்றார். மனைவிக்கு இரண்டு மாதக் கர்ப்பம். காலையிலிருந்து தாங்க முடியாத வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்த மருத்துவர், கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்யவேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். "சாமி, துடிப்பு இருக்குதுன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போட்டா அது கருக்கலைப்புதானே? சாமியைக் கேக்காம போடாதேன்னு எங்க அம்மா சொல்லிட்டாங்க" என்றார்.

"முதலில் போய்க் கையெழுத்துப் போடு, விளக்கம் பிறகு சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டு நாமும் பின்னாலேயே சென்றோம். வயிற்றைத் திறந்தபோது கருக்குழாய் வெடிக்கத் தொடங்கி உள்ளே இரத்தம் தேங்கியிருந்ததாம். அந்தப் பெண் பிழைத்தார். பின்னர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயானார். ஆனால் அவருடைய கணவர் நம்மைத் தேடி வண்டியில் வந்து போன அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் நமக்கு நடுக்கமாக இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று கருக்கலைப்பு பாவம் என்று மறையுரை ஆற்றியிருக்கிறோம். எது கருக்கலைப்பு, எது கருக்கலைப்பு அல்ல என்று ஒருமுறைகூட நாம் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வீட்டார் நம்மிடம் கேட்டுக் கற்றதைத்தான் கடைப்பிடித்தார்கள்.

ஒரு குடும்பத்தில் நடந்த இந்தத் தயக்கம் ஒரு நாட்டின் சட்டத்திலும் மருத்துவமனை வார்டிலும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் நாட்டுப் பெண் ஒருவரின் சாவு.

கால்வே நகரில் நடந்தது

சவிதா ஹலப்பனவர் கர்நாடக மாநிலத்தவர். பெற்றோர் பெல்காமில் வாழ்ந்தனர். பல் மருத்துவரான இவர் கணவரோடு அயர்லாந்து நாட்டின் கால்வே நகரில் குடியேறியிருந்தார். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், 17 வாரக் கர்ப்பிணியாக, முதுகுவலியோடு அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சென்றார். அது அரசு மருத்துவமனை, திருச்சபை நடத்தியது அல்ல. கருச்சிதைவைத் தடுக்க முடியாது என்று மருத்துவர்கள் கண்டார்கள். அன்று நள்ளிரவுக்குப் பின் பனிக்குடம் உடைந்தது. 17 வாரத்தில் பிறக்கும் குழந்தையைப் பிழைக்க வைக்க இன்றுவரை எந்த நாட்டிலும் வழியில்லை.

குழந்தை தங்காது என்று தெரிந்தபின், தாமதியாமல் முடித்துவிடுங்கள் என்று சவிதாவும் கணவரும் 23ஆம் நாள் கேட்டனர். கருவின் இதயத்துடிப்பு இன்னும் இருக்கிறது, ஆகையால் சட்டம் இடம் தராது என்று சொல்லப்பட்டது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மூத்த செவிலியர் விளக்கமாகச் சொன்னதும், பின்னர் மரண விசாரணையில் அவரே அதை ஒப்புக்கொண்டு வருந்தியதும் உலகம் முழுவதும் செய்தியாயிற்று. 24ஆம் நாள் அதிகாலை காய்ச்சலும் நடுக்கமும் கண்டது. அன்று பிற்பகல் கரு தானாக வெளிவந்தது. அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. மருத்துவர்கள் செப்சிஸ் என்று சொல்லும் நிலை இது. 28ஆம் நாள் அதிகாலை, 31 வயதில் சவிதா இறந்தார்.

இச்சாவை விசாரித்த அயர்லாந்து சுகாதாரத் துறைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்: இலங்கையில் பிறந்து இலண்டனில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூன் மாதம் வெளியான அக்குழுவின் அறிக்கை பழியை ஒரே இடத்தில் வைக்கவில்லை. சேர்த்த நாளன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருந்தும் அதை யாரும் பின்தொடரவில்லை. நாடித்துடிப்பு, காய்ச்சல் போன்றவற்றை உரிய இடைவெளியில் கவனிக்கவில்லை. இவை சட்டத்தால் வந்த குறைகள் அல்ல, கவனிப்பில் வந்த குறைகள். ஆனால் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கருவின் துடிப்பு நிற்கும்வரை கைவைக்கக்கூடாது என்பதிலேயே எல்லாருடைய கவனமும் நின்றதால், தாய்க்கு ஏறிக்கொண்டிருந்த ஆபத்தின் மேல் கவனம் போதவில்லை. அந்தக் கவனம் அப்படித் திரும்பியதில் சட்டத்துக்குப் பங்கு உண்டு.

மரண விசாரணையில் சாட்சி சொன்ன டாக்டர் பீட்டர் பாய்லன் என்ற மூத்த மகப்பேறு மருத்துவர் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். திங்கள் அல்லது செவ்வாய் அன்று கர்ப்பத்தை முடித்திருந்தால் சவிதா பெரும்பாலும் பிழைத்திருப்பார். ஆனால் அந்த இரு நாள்களிலும் அவர் உயிருக்கு ஆபத்து என்று சட்டப்படி சொல்ல முடியாத நிலை. புதன்கிழமை சட்டம் இடம் தந்தது, ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

இறைமக்கள் இந்த இடத்தை நின்று படிக்க வேண்டுகிறோம். அயர்லாந்தின் சட்டம் தாயைச் சாகவிடு என்று சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பால் அரசியலமைப்பில் சேர்ந்த எட்டாவது திருத்தம் தாய்க்கும் சேய்க்கும் வாழும் உரிமை சமம் என்றது. தாயின் உயிருக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால் கர்ப்பத்தை முடிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992லேயே தீர்ப்பளித்திருந்தது. ஆனால் ஆபத்து உடல்நலத்துக்கா உயிருக்கா என்ற கோடு எங்கே கடக்கிறது என்று மருத்துவருக்குச் சொல்லும் விதிகள் எழுதப்படவே இல்லை. தவறினால் சிறை என்ற 1861ஆம் ஆண்டின் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. சட்டம் ஒரு கோடு, நோயோ ஒரு சரிவு. பனிக்குடம் உடைந்தவள் காலையில் சிரித்துப் பேசுவாள், மாலையில் நாடி ஏறும், இரவில் இரத்த அழுத்தம் விழும். எந்த மணித்துளியில் 'உடல்நலக் குறைவு' 'உயிராபத்து' ஆகிறது என்று வழக்கறிஞருக்கும் தெரியாது.

அயர்லாந்து 2013ல் தனிச்சட்டம் இயற்றியது. பின்னர் 2018 மே 25ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 66 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து எட்டாவது திருத்தத்தையே நீக்கியது. திருச்சபை விரும்பாத முடிவு அது. ஆனாலும் அந்த மக்கள் அப்படி வாக்களித்ததற்குச் சவிதாவின் படம் ஒரு பெரும் காரணம் என்பதை மறைப்பதில் பயனில்லை. கருவிலிருக்கும் உயிரைக் காக்க எழுதிய சட்டம், நடைமுறையில் தாயைக் கைவிடுவதாக மக்கள் கண்டால், அந்தச் சட்டமும் நிற்பதில்லை.

வேறு நாடுகளில்

போலந்து நாட்டில் கருக்கலைப்புச் சட்டத்தை அரசியலமைப்புத் தீர்ப்பாயம் 2020 அக்டோபரில் மேலும் இறுக்கியது. 2021 செப்டம்பரில் ப்ஷ்சினா என்ற ஊரில் 22 வாரக் கர்ப்பிணியான 30 வயதுப் பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்தது. மருத்துவர்கள் துடிப்பு நிற்கக் காத்திருந்தனர், அவரும் செப்சிஸ் கண்டு இறந்தார். அங்கும் தாயின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் விலக்கு சட்டத்தில் எழுதப்பட்டே இருந்தது.

டொமினிக்கன் குடியரசில் எந்த விலக்கும் இல்லை. 2012ல் அங்கே இரத்தப் புற்றுநோய் கண்ட 16 வயதுப் பெண் ஒருத்தி கர்ப்பிணி என்பதால், அவளுக்குப் புற்றுநோய் மருந்து தருவது பல நாள்கள் தள்ளிப்போனது. அவள் அந்த ஆகஸ்டில் இறந்தாள். கத்தோலிக்க நாடான மால்டாவில் 2022ல் 16 வாரத்தில் பனிக்குடம் உடைந்த ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி, அங்கே சிகிச்சை மறுக்கப்பட்டு விமானத்தில் ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார். மறு ஆண்டே தாயின் உயிரைக் காக்கும் விலக்கை மால்டா சட்டத்தில் சேர்த்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் 2022க்குப் பிறகு இதே குழப்பத்தில் சிக்கி, மருத்துவர்களின் அச்சத்தைப் போக்க 2025ல் ஒரு விளக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இந்நிகழ்வுகளில் நமக்குப் பெரிதும் வேதனை தருவது அந்த 16 வயதுப் பெண்ணின் கதை. ஏனெனில் அவளுக்கு மருந்து தருவதைத் திருச்சபையின் போதனை ஒருநாளும் தடுத்ததில்லை.

திருச்சபை உண்மையில் கற்பிப்பது

கருவிலிருக்கும் குழந்தையை நேரடியாக, வேண்டுமென்றே கொல்வது எந்தச் சூழலிலும் தவறு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும், 1995ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வழங்கிய 'வாழ்வின் நற்செய்தி' திருமடலும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. நாமும் வைக்கவில்லை.

ஆனால் தாய்க்கு வந்த நோயைக் குணப்படுத்தச் செய்யும் சிகிச்சையின் விளைவாக, விரும்பாமலும் தவிர்க்க முடியாமலும் குழந்தை இறந்தால், அது நேரடிக் கொலை ஆகாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951 நவம்பரில் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையில் இதை வெளிப்படையாகவே சொன்னார். குருமடத்தில் இதை இரட்டை விளைவுக் கோட்பாடு என்று படித்தோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பு பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது அது. செய்யும் செயல் தன்னளவில் தீயதாக இருக்கக்கூடாது. தீய விளைவை நாடக்கூடாது. தீய விளைவின் வழியாக நன்மையைப் பெறக்கூடாது. தீமைக்கு ஈடான கனத்த காரணம் இருக்கவேண்டும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த இந்த நான்கும் ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தேவைப்படும் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

இதை நடைமுறையில் பார்ப்போம். கர்ப்பிணிக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றால் கர்ப்பப்பையை அகற்றலாம். புற்றுநோய் மருந்து ஏற்றலாம். பனிக்குடம் உடைந்து கர்ப்பப்பையில் கிருமி தொற்றிவிட்டால், அந்தத் தொற்றைத் தாயின் உடலிலிருந்து வெளியேற்றுவதற்காக வலி வரச்செய்து பிரசவிக்க வைப்பதைப் பல கத்தோலிக்க அறநெறியாளர் ஏற்கின்றனர். கருவில் குழந்தை ஏற்கெனவே இறந்திருந்தாலோ, கரு தானாகக் கலைந்து மிச்சம் உள்ளே தங்கியிருந்தாலோ, டி அண்டு சி செய்து சுத்தம் செய்வது கருக்கலைப்பே அல்ல. இரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி வரும் என்ற நிலையில் எட்டாம் மாதம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பதும் கருக்கலைப்பு அல்ல, அது பிரசவம்.

கருக்குழாய்க் கர்ப்பத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். இதில் திருச்சபைக்குள்ளேயே நெடுங்கால விவாதம் உண்டு. வெளியில் பிழைக்க முடியாத கருவை அவ்வாறு எடுப்பது தகாது என்று உரோமையின் திருப்பேராயம் 1902ல் பதில் தந்திருந்தது. பின்னர் 1933ல் புஸ்காரன் என்ற இயேசு சபைக் குரு ஒரு நூல் எழுதி, வெடிக்கும் நிலையிலுள்ள கருக்குழாயே நோயுற்ற உறுப்பு, அந்த உறுப்பை அகற்றுவது முறையான சிகிச்சை என்று வாதிட்டார். அதன்பின் கத்தோலிக்க மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் வழக்கமாயிற்று. குழாயை விட்டுக் கருவை மட்டும் எடுப்பது, மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவது ஆகியவை பற்றி அறநெறியாளரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. திருச்சபை அதில் இறுதியாக எதையும் அறிவிக்கவில்லை. ஆகவே அவசரத்தில் நிற்கும் கணவனும் மனைவியும் மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடந்தால் அவர்கள் மனச்சான்றில் குற்றம் சுமத்த எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை என்பது நம் கருத்து.

எல்லாச் சூழலும் இப்படித் தெளிவாக விடுபடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2009ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரக் கத்தோலிக்க மருத்துவமனையில், நுரையீரல் இரத்த அழுத்த நோயால் சாகும் தறுவாயில் வந்த 11 வாரக் கர்ப்பிணியின் கர்ப்பம் முடிக்கப்பட்டது. அங்கே கர்ப்பப்பைக்கு நோயில்லை. ஆகவே அது நேரடிக் கருக்கலைப்பு என்று அந்த மறைமாவட்ட ஆயர் தீர்மானித்தார். அனுமதித்த அருட்சகோதரி தாமே திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலகிவிட்டார் என்றார். அடுத்த ஆண்டு மருத்துவமனையின் கத்தோலிக்கத் தகுதியையும் நீக்கினார். வேறு அறநெறியாளர் சிலர் அம்முடிவை ஏற்கவில்லை. தாயும் சேயும் சேர்ந்தே சாவார்கள் என்ற நிலையில் இருவரில் ஒருவரையாவது காப்பது எப்படி நேரடிக் கொலை ஆகும் என்பது அவர்கள் கேள்வி. போதனையின் பக்கம் நிற்கும் நமக்கும் அந்தத் தாயின் நான்கு பிள்ளைகளை நினைத்தால் வாய் எழுவதில்லை.

சவிதா இறந்த அடுத்த மாதம் அயர்லாந்து ஆயர் பேரவை விடுத்த அறிக்கையில், தாயின் உயிரைவிடச் சேயின் உயிரே மேலானது என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை என்று எழுதியது. நல்ல அறிக்கை. அது சில ஆண்டுகளுக்கு முன்பே எல்லா வார்டுகளிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டிய அறிக்கை.

நம் ஊர்ப் பக்கம் புனித ஜியன்னா பெரெத்தா மோல்லாவை அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். பெரும்பாலும் தவறாகச் சொல்கிறோம். இத்தாலி நாட்டு மருத்துவரான இவருக்கு 1961ல், கருவுற்ற இரண்டாம் மாதம், கர்ப்பப்பையில் கட்டி கண்டது. கர்ப்பப்பையை முழுவதுமாக அகற்றத் திருச்சபையின் போதனை அவரை அனுமதித்தது. அவர் அதைக் கேட்காமல் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். 1962 ஏப்ரலில் மகளைப் பெற்று ஒரு வாரத்தில் இறந்தார். 2004ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் செய்தது கடமைக்கு மேற்பட்ட தியாகம், தாமே மருத்துவராக இருந்து முழு அறிவோடு மனமுவந்து செய்தது. மயங்கிக் கிடக்கும் மருமகளின் சார்பில் மாமியார் அந்தத் தியாகத்தைச் செய்துவிட முடியாது.

இலங்கையும் இந்தியாவும்

ஆங்கிலேயர் 1860ல் நமக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவும், 1883ல் இலங்கைக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவும் ஒரே அச்சில் வார்த்தவை: தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணம் தவிர வேறெதற்காகக் கர்ப்பத்தைக் கலைத்தாலும் சிறை. இலங்கையில் அது இன்றும் அப்படியே நிற்கிறது. 1995லும் 2017லும் தளர்த்த நடந்த முயற்சிகள் நிறைவேறவில்லை. 2017ல் எதிர்த்தோரில் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்களும் இருந்தனர். அங்கே மறைவில் கருக்கலைப்பு நடக்காமல் இல்லை. அப்படிச் செய்துகொண்ட பெண் காய்ச்சலும் உதிரப்போக்குமாய் மருத்துவமனைக்கு வர அஞ்சுகிறாள். வந்தாலும் உண்மையைச் சொல்ல அஞ்சுகிறாள்.

நம் நாட்டில் 1964ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் பரிந்துரையால் 1971ல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. மறைவான கருக்கலைப்பில் பெண்கள் சாவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 2021ல் திருத்தப்பட்டபின், 20 வாரம்வரை ஒரு மருத்துவரும், சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை இரு மருத்துவர்களும் முடிவு செய்யலாம். அதற்குமேல் குழந்தைக்குக் கடும் குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். இச்சட்டம் அனுமதிக்கும் பல காரணங்களைத் திருச்சபை ஏற்பதில்லை. ஆனால் அதன் 5ஆம் பிரிவை மட்டும் எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது: தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் வாரக் கணக்கு தடையில்லை, இரண்டாவது மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கால்வேயில் நடந்தது இந்தச் சட்டத்தின்கீழ் விழுப்புரத்தில் நடக்கவேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் நம் பகுதியில் சட்ட பயம் இல்லையா? இருக்கிறது, வேறு வழியாக வருகிறது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் 18 வயது நிரம்பாத பெண்களுக்குத் திருமணம் செய்துவைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. நம் கிறிஸ்தவக் குடும்பங்களும் விதிவிலக்கு அல்ல. ஆலயத்தில் மறுத்தால் வீட்டில் வைத்து முடித்துவிடுகிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தவறினால் மருத்துவருக்கே ஆறு மாதம்வரை சிறை. கணவனே என்றாலும் 18 வயதுக்குக் கீழ் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது. சிறுமிகளைக் காக்கும் இச்சட்டம் தேவையானது, அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நடப்பது என்ன? மருமகன் ஜெயிலுக்குப் போவான் என்று பயந்து அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே அனுப்புவதில்லை. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்தால் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை இல்லை, இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை, ஸ்கேன் இல்லை. எந்தக் கர்ப்பத்துக்கு மருத்துவக் கவனிப்பு அதிகம் தேவையோ அதுவே கவனிப்பு இல்லாமல் போகிறது. சிலர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

2022 செப்டம்பர் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வழி திறந்தது. கர்ப்பத்தை முடிக்க வரும் சிறுமியோ அவளுடைய பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. கர்ப்பத்தைப் பெற்றெடுக்கவே விரும்பி வரும் சிறுமிக்கும் அதே பாதுகாப்பு தெளிவாகக் கிடைத்தால் நன்றாக இருக்கும். கலைக்க வருபவளுக்கு மறைவு, பெற்றெடுக்க வருபவளுக்கு வழக்கு என்றால் வாழ்வைக் காக்க விரும்பும் நமக்கு அது உடன்பாடாக இருக்க முடியாது.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். இருந்தும் தெரிந்தவர் மூலம் கிடைத்துவிடுகிறது. ஸ்கேன் பார்க்காமல் சாப்பிட்டவளுக்குக் கரு குழாயில் இருந்தால் மாத்திரை வேலை செய்யாது. வரும் வலியை மாத்திரையால் வந்த வலி என்று நினைத்துப் படுத்திருப்பாள், குழாய் வெடித்துவிடும். உதிரம் நிற்காமல் மருத்துவமனைக்குப் போகும்போதும் பலர் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்வதில்லை. சிறிய நர்சிங் ஹோம்களில் இப்படி வரும் பெண்ணைத் தொட்டால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று தயங்கி, வேறிடம் போங்கள் என்று அனுப்பிவிடுவதையும் நோயாளரைச் சந்திக்கப் போகையில் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தப் பெண் செய்தது பாவமா என்று பார்க்கும் நேரம் அது அல்ல. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனிடம் நல்ல சமாரியர் விசாரணை நடத்தவில்லை.

2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி ஒரு இலட்சம் பேறுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழகத்தில் 54. அரசு மருத்துவமனைகளின் சீமாங் மையங்களுக்கும் 108 வண்டிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். புதுவை ஜிப்மர் மருத்துவமனையும் எட்டும் தூரமே. 2010ல் முண்டியம்பாக்கம் கல்லூரி வரும்முன் இந்த வசதி நமக்கு இல்லை. இன்று வழியில் நேரம் போவதைவிட வீட்டில் பேசிப் பேசியே அதிக நேரம் போகிறது.

ஆகவே இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்கமாக அடிவயிற்று வலி, மயக்கம், தோள்பட்டையில் வலி என்றால் உடனே போகவேண்டும். நேரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தாலும், கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு நடுக்கம், நாற்றமுள்ள கசிவு இருந்தாலும், கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பங்குத்தந்தையைத் தேடியும் காத்திருக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், வந்து நோயில் பூசுதல் தருகிறோம். முன்னரே கருக்கலைப்பு செய்துகொண்டு மனப்பாரத்தோடு இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று: 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை நிலையாகத் தந்துவிட்டார். ஆயரிடம் போகவேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய செய்தி.

இப்போது நம் பங்கில் திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கென்று வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்து பேசுகிறார். முதல் வகுப்பில் பெண்கள் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். முடியும்போது ஒரு மணப்பெண் எழுந்து, "டாக்டர் கையெழுத்துக் கேட்டால் நானே போடலாமா, அவர்தான் போடணுமா?" என்று கேட்டார். 18 வயது நிறைந்தவள் என்றால் உன் கையெழுத்தே போதும், சட்டம் கேட்பது அதைத்தான் என்றார் அந்தச் செவிலியர். பக்கத்தில் இருந்த மணமகனின் தாயார் நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஆமாம் என்று நாமும் தலையசைத்தோம்.